பின் வரிசை மைக்

மூன்றாவது நிமிடத்தில், பின் வரிசை மைக்கில் யாரோ மூச்சு விட்டார்கள்.

காதக்கா விசைப்பலகையிலிருந்து விரல்களைத் தூக்கிக்கொண்டு உற்றுக் கேட்டாள். அந்த அரங்கில் இருந்ததே இரண்டு பேர்தான். மேடையில் பேராசிரியர், இரண்டாவது வரிசையில் காது கேளாத மாணவி. பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. காய்ச்சலில் விட்டுப்போன பாடத்தை அவள் ஒருத்திக்காகப் பேராசிரியர் மறுபடி நடத்தினார். நாலு கட்டடம் தள்ளி, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் ஹெட்போனோடு உட்கார்ந்து, கேட்பதை அந்தக் கணமே எழுத்தாக்குவது காதக்காவின் வேலை. பேச்சை அப்படியே எழுத வேண்டும். மற்றச் சத்தமெல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள். ஆறு வருடமாக அங்கே பதிவாகும் எல்லா வீடியோவுக்கும் சப்டைட்டில் அவள் கைதான். “எனக்குக் காதே நீங்கதான் அக்கா” என்று மாணவி ஒருநாள் எழுதியதிலிருந்து, அலுவலகம் முழுக்க அவள் காதக்கா ஆகிவிட்டாள்.

வகுப்புக்கு முன்புகூட மாணவி தன் போனிலிருந்து எழுதியிருந்தாள்: “சார் ஜோக் சொல்லப் போறார்னு தெரிஞ்சா முன்னாடியே [சிரிப்பு] போட்டுடுங்க அக்கா. போன தடவை நான் மட்டும் லேட்டா சிரிச்சு மானம் போச்சு.”

ஏசியின் இரைச்சலுக்கு அடியில், ஈரத்துணியை மெல்ல இழுப்பதுபோல, வந்து நின்று வந்து நின்று கேட்டது அந்த மூச்சு. எழுதலாமா என்று யோசித்தாள். ஏசியாகத்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். எழுதவில்லை.

ஸ்லைடு காட்டுவதற்காகப் பேராசிரியர் விளக்குகளை அணைத்தார். பின் மைக்கில் கதவின் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள், ஒவ்வொரு படியிலும் நின்று, யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுபோல நிதானமாகக் கீழே இறங்கின.

“யாரது? ஓ, நீங்களா. கிளாஸ் முடியட்டும், பேசலாம்.”

“ரெண்டு வருஷமா இதையேதான் சார் சொல்றீங்க.” கோபமே இல்லாத குரல்.

“வேலையை விட்டு எடுத்தது கமிட்டி. நான் கையெழுத்து மட்டுந்தான்...”

கேமரா மேடை மேஜையை மட்டுமே காட்டும். அதில் பேராசிரியரின் தோள் தெரிந்தது. அதன்மேல் ஓர் இரும்புக் கம்பி வந்து இறங்கியது. தோள் மறைந்தது. கம்பி மட்டும் ஏறியது, இறங்கியது, ஏறியது. காலர் மைக் அவர் நெஞ்சோடு இருந்ததால், எலும்பு நொறுங்கியது காதக்காவின் இரண்டு காதுக்குள்ளும் கேட்டது. அம்மா என்று ஒரு முறை. அப்புறம் தண்ணீரில் பேசுவதுபோல ஏதோ. அப்புறம் அதுவும் இல்லை. அடி மட்டும் நிற்கவில்லை.

அவள் விரல்கள் பழக்கத்தில் எழுதியிருந்தன: [அடிக்கும் சத்தம்].

மேஜை போனை எடுத்து வளாகக் காவலரை அழைத்தாள். “உள்பக்கம் தாழ் போட்டிருந்தா உடைக்கணும் மேடம். ஆளைக் கூட்டிட்டு வர பத்து நிமிஷம் ஆகும்.”

திரையின் மூலையில் மாணவியின் செய்தி வந்தது. அது காதக்காவுக்கு மட்டுமே தெரியும்.

“அக்கா சாரை அடிச்சுட்டான். தரையில ஊர்ந்து வந்து பன்னெண்டாவது வரிசை சீட்டுக்கு அடியில கெடக்கேன். அவன் எங்க? எனக்கு ஒண்ணும் தெரியல.”

ஹெட்போனில் எந்தப் பக்கம் கேட்கிறது என்று காதக்கா கவனித்தாள். எழுதினாள். [காலடிச் சத்தம். முன் பக்கம்.] முன் மைக்கில் குறைந்தது. பின் மைக்கில் கூடியது. [மேலே வருகிறான். இடது ஓரம். அசையாதே.] கம்பி சீட்டுகளில் உரசிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வரிசையாக. [நின்றுவிட்டான்.] [திரும்புகிறான். வலது பக்கம்.]

“எங்க போயிருப்ப?” என்றான் அவன், தனக்குத்தானே.

எங்க போயிருப்ப? என்று அவள் விரல்கள் எழுதின.

காலடி நின்றது.

ஏசி மட்டும் இரைந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மாணவியின் போனில் ஓடும் அதே வரிகள்தான் மேடைக்குப் பின்னாலிருக்கும் பெரிய திரையிலும் ஓடும். சார் முகத்தையும் வரியையும் சேர்த்துப் பார்க்கணும் என்று மாணவி கேட்க, போன மாதம் காதக்காவே மனு எழுதி வாங்கிக் கொடுத்த திரை.

“ஓ. கேட்டுக்கிட்டு இருக்கீங்களா” என்றான். வாசிக்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. “இடது ஓரம், அசையாதே. நல்லா எழுதுறீங்க மேடம். எத்தனாவது வரிசைன்னு மட்டும் போட்டுடுங்க. சீக்கிரம் முடிச்சிடலாம்.”

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளைப் பிய்த்து எடுத்தாள். மாணவிக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்ப வழியில்லை; ஒரு எழுத்து விழுந்தாலும் அவனும் படிப்பான். இணைப்பைத் துண்டித்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமே இருக்காது.

“சரி” என்றான். பின் மைக்கில் ஒரு சீட் அழுந்தியது. உட்கார்ந்துவிட்டான். எந்த வரிசையில் என்று தெரியவில்லை.

“அக்கா? ஏன் எழுதல?”

காதக்கா தன் விரல் முட்டியைக் கடித்தாள்.

“அக்கா போயிட்டானா?”

இரத்தம் உப்புக் கரித்தது.

“சத்தம் எதுவும் இல்லன்னாதான நீங்க எழுத மாட்டீங்க. கதவு பக்கத்துலதான். நான் போறேன் அக்கா.”

வராதே. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். வராதே வராதே படு. ஆள் உயர எழுத்தில் அது திரையில் ஏறியது. மாணவியின் பெயருக்குப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி அணைந்திருந்தது. போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பின் மைக்கில், யாரோ கையூன்றி எழுந்து கையை எடுத்ததும், ஒரு சீட் தானாக மடங்கிக்கொண்டது. டக்.

அதற்கு நேர் பின்னால், உட்கார்ந்திருந்தவன் எழ, இன்னொரு சீட்டும் மடங்கியது.