இரண்டு நாள் விடுப்பு

மனிதரை மனிதராக மதிக்கும் ஒரே இடம் இதுதான் என்று அந்த அலுவலக வாசலில் ஒரு பித்தளைப் பலகை பளபளத்தது. அதைத் தினமும் துடைக்கும் வேலையை, சேர்ந்த அன்றே அவள் தலையில் கட்டினார்கள். அவள் படித்திருந்தது கட்டட வரைபடம்.

"உங்க ஆளுங்க கைபட்டாதான் பித்தளை மின்னும்," என்றார் மேலாளர், ஏதோ விருது கொடுப்பவர் போல. "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா."

குடும்பத்தில் யாரும் ஓடிப்போய்விடக் கூடாதல்லவா? அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூன்று வருடம் கழித்துத்தான் தருவாராம். அவை இல்லாமல் வேறெங்கும் அவளை வாசலில்கூட நிற்கவிட மாட்டார்கள்.

சுவரில் வரிசையாகக் கோப்பைகள் தொங்கின. அவளுக்குக் கடைசிக் கொக்கி, விளிம்பு உடைந்த கோப்பை. அது மற்றவற்றின்மேல் படக் கூடாது. சாப்பாட்டு மேசையிலும் அவளுக்கு இடமில்லை. கழிப்பறையை ஒட்டிய, பழைய கோப்புகள் அடுக்கிய அறைதான்.

"முன்னாடி இந்தக் கோப்பையில யாரு குடிச்சாங்கக்கா?"

"உங்காளு ஒருத்திதான்," என்றாள் தட்டச்சு அக்கா. "சொல்லாம கொள்ளாம நின்னுட்டா. பொறுப்புன்னா என்னன்னு உங்களுக்கெல்லாம் எங்க தெரியும்?"

மூன்றாம் நாள் மதியம். முன்னறையில் எல்லோரும் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோப்பு அறையில் நனைந்த காகித வாடை. அதோடு மெல்ல ஒரு மருந்து நெடி.

கிரீச். கிரீச்.

பென்சில் எழுதும் சத்தம்.

அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

மேசைமேல் கிடந்த தாளில் வரிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தன. ஐயா, இரண்டு நாள் விடுப்பு வேண்டும். ஐயா, இரண்டு நாள் விடுப்பு வேண்டும். பக்கத்தில் அவள் வைத்திருந்த காலிக் கோப்பை கையில் பட்டதும் சுட்டது.

சாப்பாட்டு அவசரத்தில் மேலாளர், அறை மூலையிலிருந்த அந்த இரும்பு அலமாரியிலேயே சாவியை விட்டிருந்தார். திறந்தாள். மேலே அவளுடைய உறை. அதன் அடியில் பழைய உறை ஒன்று. அதில் ஒரு பெண்ணின் புகைப்படம், விடுப்புக் கடிதம்: 'காய்ச்சல் குறையவில்லை.' குறுக்கே சிவப்பு மையில், 'அனுமதி இல்லை'.

அதோடு இறப்புச் சான்றிதழின் நகல் ஒன்றும் குத்தியிருந்தது.

அதன்மேலும் சிவப்பு மை. 'அனுமதி இல்லை'.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"லீவு குடுக்கலையே... எப்படிப் போவேன்?"

மேல் தட்டிலிருந்த 'அனுமதிக்கப்பட்டது' முத்திரையை எடுத்து அந்தக் கடிதத்தில் ஓங்கிக் குத்தினாள்.

பென்சில் நின்றது. கோப்பை குளிர்ந்தது.

தன் சான்றிதழ்களை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினாள். வாசலுக்குப் பத்தடிதான்.

குறுக்கே மேலாளர், பல்லைக் குத்திக்கொண்டு நின்றார். கடிதத்தை எட்டிப் பார்த்தார்.

"தேதி போடலையே. செல்லாது."

கிரீச்.

அவர் காதில் அது விழவில்லை. "ஆமா, நீ எங்கம்மா கிளம்பிட்ட?"

கிரீச். கிரீச்.

"எங்கயும் இல்ல சார்."

சான்றிதழ்களை அவளே அலமாரியில் திருப்பி வைத்தாள். அவளே பூட்டினாள். சாவியை இரண்டு கைகளாலும் அவரிடம் நீட்டினாள்.