கரையாத பியரோகி

“ஐயோ... என் சதையைக் காணோம்!”

பிட்ஸ்பர்க்கின் அந்த ஆய்வகக் கட்டிடமே அதிர்ந்தது.

கத்தியது பிரிஜெட் கெலஹர். காணாமல் போனது அவள் உடம்புச் சதை அல்ல. வெதுவெதுப்பான பெட்டிக்குள், கிண்ணத்தில் அவள் பிள்ளை போல வளர்த்த தசை! மத்தியானம் மருத்துவமனைக் குழு பார்க்க வருகிறது. காட்டத் தசை இல்லையென்றால் அவள் வேலை காலி.

போலீஸ் டிடெக்டிவ் குளோரியா வோஸ்னியாக் காபியும் கையுமாக வந்து சேர்ந்தாள்.

“சதையை எப்படிம்மா கிண்ணத்துல வளர்க்கறே?”

“மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஏடு மேடம். அதுல லேசரால கோடு கோடா பள்ளம் போடுவேன். தசை செல் எல்லாம் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே வளரும். அப்புறம் ஏடு தானா கரைஞ்சிடும். தசை மட்டும் நிக்கும்.”

“வேற யார் வளர்க்கறாங்க?”

“ப்ரொபசர் ஏம்ஸ். ஆனா நேத்து வரைக்கும் அவர் கிண்ணத்துல ஒண்ணும் முளைக்கலையே...!”

ஏம்ஸ் அவளுடைய மேலதிகாரி. சிரித்தபடி தன் கிண்ணத்தை நீட்டினார். லேசாக மின்சாரம் கொடுத்ததும் உள்ளே தசை துடித்தது!

“இது என்னுது. இவ கைதவறிக் கொட்டிட்டு நாடகம் போடறா!”

“புளுகாதீங்க சார்! லேசர் சரியா விழுதான்னு பார்க்க இங்கே எல்லாரும் ஏட்டு ஓரத்துல ஒரு குட்டிப் படம் போடுவோம். நான் எப்பவும் பியரோகிதான் போடுவேன்!”

பியரோகி என்பது சோமாசி போல மடித்த, அந்த ஊர்க் கொழுக்கட்டை. குளோரியாவுக்கு நாக்கில் நீர் ஊறியது.

“நான் நட்சத்திரம் போட்டேன்” என்றார் ஏம்ஸ் அலட்சியமாக. “என்ன பண்றது... ஏடுதான் கரைஞ்சு போச்சே!”

குளோரியாவின் முகம் தொங்கிப் போனது. இருந்த ஒரே சாட்சியும் தண்ணீரோடு தண்ணீராகிவிட்டது!

பிரிஜெட்டோ... சிரித்தாள்!

“மைக்ராஸ்கோப்ல பாருங்க மேடம். வலது ஓரம்.”

குனிந்தாள் குளோரியா. நேர்நேராய்த் தசை நார்கள்... ஓரத்தில் மட்டும் வளைந்து, பாதி நிலாவாகி, விளிம்பில் மடிப்பு மடிப்பாய்...

அச்சு அசல் பியரோகி!

“கரையறது ஏடுதான் சார். செல் எல்லாம் பிடிச்ச கோட்டை விடாது. இது உங்களுக்கே தெரியாதா?”

ஏம்ஸ் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்.

“அது... வந்து...”

“நீங்க எங்கேயும் வரவேண்டாம். நானே கூட்டிட்டுப் போறேன்!” குளோரியா விலங்கை மாட்டினாள். “கவலைப்படாதீங்க ப்ரொபசர்... ஜெயில்லயும் வெள்ளிக்கிழமை பியரோகி உண்டு. பக்கத்துத் தட்டுலேர்ந்து மட்டும் எடுத்துடாதீங்க!”