மருந்து அடிக்காத அறை

அனுஜாவின் அறைக் கதவு நிலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பிளாரன்ஸின் கட்டைவிரல் மரத்துக்குள் போய்விட்டது. அவள் அழுத்தித் துடைக்கவில்லை. பெயிண்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பார்வைக்கு நிலை கல்லுப்போல நின்றது. ஆனால் விரல் பட்டதும் அந்தப் பளபளப்பு அப்பளமாய் நொறுங்கி, உள்ளே இருந்த ஈரமான வெறுமை விரலைச் சுற்றி மூடிக்கொண்டது. வெளியே இழுத்தபோது நக இடுக்கில் மண் இருந்தது. மண்ணுக்குள் அரிசிக் குருணை போல வெள்ளையாய் என்னவோ நெளிந்தது.

யாராவது பார்த்துவிட்டார்களா என்றுதான் அவள் முதலில் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு பெருமழையில் தெருவும் கடலும் ஒன்றாகி, வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் பல நாள் நின்று வடிந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த வீடு முழுதாய்க் காயவே இல்லை. துறைமுகத்துப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று பகலெல்லாம் திரைச்சீலைகளைப் பிசுபிசுப்பாக்கியது. காற்று நின்றால் புழுக்கம். சுவரில் கை வைத்தால் காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டது போலிருக்கும். பிளாரன்ஸ் அதையெல்லாம் பெயிண்ட் அடித்து மூடியிருந்தாள். கணவன் கிளைட்டன் சரக்குக் கப்பலில் எங்கோ நடுக்கடலில் இருந்தான். மகள் அனுஜாவுக்கு ஜாய்சன் என்ற பையனைப் பேசி முடித்தாயிற்று. பெரிய இடம். பையன் வீட்டார் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

கரையான் அரித்த வீட்டிலிருந்து பெண் எடுத்தோம் என்று அவர்கள் பேசிவிடக் கூடாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று ஹாலின் கோடியில், குசினியை ஒட்டிய அறையில் படுத்திருந்தது.

அவள் அண்ணன் ரோச். சங்கு குளிக்கப் போனவன். கம்ப்ரசர் குழாயில் வரும் காற்றைக் குடித்து ஆழத்தில் வெகுநேரம் கிடந்துவிட்டு ஒருநாள் அவசரமாய் மேலே ஏறியதில், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போயிற்று. அவன் எடுத்த சங்குகளில்தான் பிளாரன்ஸ் கல்லூரி வரைக்கும் படித்தாள். ஏதாவது வேண்டுமென்றால் அவன் கூப்பிடமாட்டான். விரல் முட்டியால் சுவரில் தட்டுவான்.

ஜாய்சனின் அம்மா ஈவாஞ்சலின் போனில், "ஒங்ககூடப் பொறந்தவங்க யாரும் உண்டா?" என்று கேட்டபோது, பிளாரன்ஸின் வாய் தானாகவே சொல்லிற்று.

"ஒரு அண்ணன் உண்டு. மாலத்தீவுல வேலை பாக்கான்."

போனை வைத்த பிறகுதான் ரோச்சின் அறைக்கதவு திறந்திருந்ததைப் பார்த்தாள். மத்தியானம் சோறு கொண்டுபோனபோது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏளா, மாலத்தீவுல இப்ப மழையா?"

அவள் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்தக் கதவைச் சாத்தியே வைத்தாள்.

கரையானுக்கு மருந்து அடிக்க இசக்கியப்பன் என்பவன் டிரில்லிங் மெஷினோடு வந்தான். வரும்போதே போனில் அடுத்த வீட்டுக்காரரிடம் நேரம் சொல்லிக்கொண்டிருந்தான். தரையும் சுவரும் சேருகிற இடத்தில் வரிசையாகத் துளை போட்டு உள்ளே மருந்தை இறக்குவது அவன் வேலை. அவன் வருவதற்கு முன்பே பிளாரன்ஸ் ரோச்சின் அறைக்குள் போய், அவன் காதருகே குனிந்து, "கொஞ்ச நேரம் சத்தம் காட்டாம இரிண்ணே," என்றாள். அவன் தலையை ஆட்டினான். ஆட்டிவிட்டு, தலையணை உறையின் ஒரு முனையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். அதைப் பார்த்திருக்க வேண்டாம் என்று இருந்தது அவளுக்கு.

துளை போடும் சத்தத்தில் வீடே அதிர்ந்தது. மண்ணெண்ணெயும் பூண்டும் கலந்தது போல ஒரு வாடை எழுந்து தொண்டையில் ஒட்டியது. சாத்திய கதவுக்குப் பின்னால், துணிக்குள் அமுங்கி, ஓர் இருமல்.

இசக்கியப்பன் மெஷினை நிறுத்தினான். "உள்ள ஆளு இருக்காக்கா?"

"பக்கத்து வீடு."

"இந்த ரூமு?"

"ஸ்டோர் ரூம். பழைய சாமான் கெடக்கு. வேண்டாம்."

"ஒரு ரூம மட்டும் விட்டா சரிவராதுக்கா. மத்த இடமெல்லாம் மருந்து. அதுகளுக்குப் போக்கிடம் வேணும்லா? மொத்தமா அங்கன போய்த்தான் அடையும்."

"அடையட்டும்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு மெஷின் வயரைச் சுருட்டினான். போகும்போது, சுவர் ஓரம் தண்ணீர் நிற்கக் கூடாது, மரத்தையும் அட்டைப் பெட்டியையும் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைத் தள்ளி விட வேண்டும் என்றெல்லாம் சொன்னான். பிளாரன்ஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். அட்டைப் பெட்டிகளை, இற்றுப்போன அலமாரிப் பலகைகளை, வெள்ளத்தில் நனைந்த ஆல்பங்களை ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டுபோய் ரோச்சின் கட்டிலைச் சுற்றி அடுக்கினாள்.

"மாமாவ எங்கம்மா வைக்கது அன்னைக்கி?" என்று கேட்டாள் அனுஜா.

வைக்கது. மகள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் பிளாரன்ஸுக்கு உடம்பு கூசியது. ஆனாலும், "அங்கனயே இருக்கட்டும். திரை போட்டுருவோம்," என்றுதான் சொன்னாள்.

வீடு தேறியது. நிலைகள் மாற்றப்பட்டன, புது டைல்ஸ் வெள்ளை வெளேரென்று மின்னியது. ரோச்சின் அறை வாசலில் பூப்போட்ட கனமான திரை தொங்கியது. அதை விலக்கி உள்ளே போவது நாளுக்கு நாள் அவளுக்குக் கஷ்டமாயிற்று. சோற்றுத் தட்டைக் கட்டில் ஓரத்து ஸ்டூலில் வைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவாள். தட்டு காலியாகத்தான் வந்தது. சிலசமயம் அதன் விளிம்பில் காய்ந்த மண் துகள்கள் இருந்தன. துணி மாற்றச் சொல்லி அவன் தட்டுவதும் நின்றுபோனது. ஒருநாள் அவளே போர்வையைத் தூக்கப் போனாள்.

"வேண்டாம். சுத்தமாத்தான் இருக்கு," என்றான் ரோச்.

அவள் விட்டுவிட்டாள். விட்டதும் வந்த நிம்மதியை நினைத்து, குசினியில் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் சும்மா நின்றாள்.

அறையின் நாற்றமும் மாறியிருந்தது. மூத்திர வாடை இல்லை, மருந்து வாடை இல்லை. புது மழையில் கிளம்புகிற மண் வாசனை, சாத்திய கதவின் இடுக்கு வழியே, ஹாலில் சோபா வரைக்கும் வந்தது.

பிறகு மறுபடி தட்டுகிற சத்தம் கேட்டது. முன்பு போல இரண்டு தட்டு, ஓர் இடைவெளி என்று இல்லை. தகரத்தில் தூறல் விழுவதுபோல மெல்லிசாய், விடாமல், சுவரின் இந்த மூலையிலும் அந்த மூலையிலும் ஒரே நேரத்தில். கோபத்தில் தட்டுகிறான் என்று நினைத்துத் திரையை விலக்கிக் கதவைத் திறந்தாள். ரோச் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளும் நெஞ்சின் மேல் கோத்திருந்தன. தட்டும் சத்தம் நிற்கவில்லை. பெட்டிகளுக்குள் கேட்டது. கட்டிலுக்கு அடியில் கேட்டது. போர்வைக்குள்ளும் கேட்டது.

அவள் இசக்கியப்பனுக்குப் போன் போட்டாள்.

"அதுக தலைய வச்சு முட்டும்க்கா," என்று சிரித்தான் அவன். "ஆளு வாராங்கன்னு ஒண்ணுக்கொண்ணு சேதி சொல்லும். ரூமத் தொறந்து விடுங்க, நாளைக்கே வந்து அடிச்சிருதேன்."

நாளைக்கு. திரையை விலக்கி, பெட்டிகளை எடுத்து, கட்டிலையும் அதில் கிடப்பவனையும் இவனுக்குக் காட்ட வேண்டும். அன்று ஏன் பொய் சொன்னாள் என்று அவன் கேட்காமலே கண்ணால் கேட்பான். ஊரெல்லாம் வேலைக்குப் போகிறவன். ஈவாஞ்சலின் வீட்டுக்கும் போகக்கூடியவன்.

"விசேஷம் முடியட்டும்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வெயில் தாழ்ந்த பிறகு அவர்கள் வந்தார்கள். ஈவாஞ்சலின், அவர் கணவர், ஜாய்சன். அனுஜா பழச்சாறு கொடுத்தாள். மேசையில் கேக்கும் மக்ரூனும் இருந்தன. ஈவாஞ்சலின் அன்பான பெண்மணி. நிலைகளைத் தடவிப் பார்த்து, "மழைக்கு இத்தனை வீடு நாசமாப் போச்சி, நீங்க எவ்வளவு நல்லா வச்சிருக்கீங்க மதினி," என்றார். பிளாரன்ஸ் சிரித்தாள்.

அப்போது திரைக்குப் பின்னால் சத்தம் தொடங்கியது. தூறல் இல்லை. பெருமழை.

"என்ன மதினி அது?"

"பக்கத்து வீட்டுல வேலை நடக்கு. இந்தா வந்துருதேன்."

திரையை ஆள் நுழையும் அளவுக்கு மட்டும் விலக்கி, கதவைத் திறந்து உள்ளே போய், பின்னால் சாத்திக்கொண்டாள்.

சத்தம் சட்டென்று நின்றது.

இருட்டாக இருந்தது. சன்னல் இருந்த இடத்தில் வெளிச்சம் இல்லை, மண் இருந்தது. பெட்டிகள் இருந்த இடத்திலும் மண். கட்டில் கால் ஒவ்வொன்றும் மரத்தடி போலப் பருத்து, தரையிலிருந்து எழும்பி, மெத்தையைக் கவ்வியிருந்தது. போர்வை இல்லை. ரோச்சின் இடுப்புக்குக் கீழே, பழுப்பாய், ஈரமாய், வரிவரியாய், கால்களின் வடிவத்தில் மண் பூசியிருந்தது. அது அசைந்தது. மேலும் கீழும். மூச்சு விடுவது போல.

அவன் முகம் மட்டும் சுத்தமாக இருந்தது. தலை வாரியிருந்தான். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏளா, கால்ல உணர்ச்சி வந்துட்டு," என்றான்.

"அண்ணே... என்னண்ணே இது..."

"மெல்லப் பேசு. ஆளு வந்திருக்காங்கல்லா. நான் ஒரு சத்தமும் காட்டலை."

"யாரையாவது கூட்டிட்டு வாரேன்..."

"ஆரைக் கூட்டிட்டு வருவ?" கோபமே இல்லை அந்தக் குரலில். "இங்கன வாரது அதுக மட்டுந்தானே."

பாதம் அசைந்தது. மண்ணில் சின்னதாய் ஒரு வெடிப்பு. அதில் வெள்ளையாய் ஒரு கொதிப்பு. உடனே மூடிக்கொண்டது. எத்தனையோ வருடமாய் அசையாத கால்கள் மெத்தையை விட்டு இறங்கித் தரையில் ஊன்றின. முதலில் ஒன்று. பிறகு மற்றது. எலும்பு ஊன்றும் சத்தம் இல்லை. சேற்றை இறக்கி வைக்கும் சத்தம்.

"தூக்கி விடு. மருமவன் முகத்தை ஒரு தடவை பாத்துட்டு வந்து படுத்துக்கிடுதேன்."

கையை நீட்டினான். சங்கு அறுத்த தழும்புகள் நிறைந்த அந்தக் கை. பள்ளிக்கூடத்துக்கு அவளைப் பிடித்துக் கூட்டிப்போன கை. மணிக்கட்டில் தோலுக்கு அடியில் ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பற்றிக்கொள்ளலாம். கத்தலாம். கதவை அகலத் திறந்து, இவன்தான் என் அண்ணன் என்று சொல்லலாம்.

வெளியே ஈவாஞ்சலின் எதற்கோ சிரித்தார்.

பிளாரன்ஸ் வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். திரையை இழுத்து, சுருக்கம் இல்லாமல் நீவி விட்டாள்.

உள்ளே அவன் தட்டவில்லை. கூப்பிடவும் இல்லை.

அவள் வந்து சோபாவில் உட்கார்ந்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கு ஒங்க அண்ணன் மாலத்தீவுல இருந்து வந்துருவாங்கல்லா?" என்று கேட்டார் ஈவாஞ்சலின்.

"லீவு கெடைக்கது கஷ்டம்."

அனுஜா தலை குனிந்துகொண்டாள்.

ஜாய்சன் போனில் ஏதோ மண்டபத்தின் படங்களைக் காட்டினான். எல்லோரும் அதன் மேல் குனிந்தார்கள். பிளாரன்ஸ் மட்டும் தரையைப் பார்த்தாள். திரையின் அடியிலிருந்து ஒரு கோடு வெளியே வந்திருந்தது. பென்சில் கனம். ஈரமான பழுப்பு. வெள்ளை டைல்ஸின் மேல் வளையாமல், தயங்காமல், மருந்து இறக்கிய சுவர் ஓரங்களையெல்லாம் விட்டு விலகி, ஹாலின் நட்ட நடுவில் வந்தது. மேசைக்கு அடியில் நுழைந்தது. ஈவாஞ்சலினின் செருப்பைத் தொடவில்லை. அனுஜாவைத் தொடவில்லை.

பிளாரன்ஸின் காலுக்குத்தான் வந்தது.

எழுந்திருக்கலாம். எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள்.

சேலைக் கொசுவத்தை மெல்ல இறக்கி அதன் மேல் போட்டு மூடினாள். கட்டைவிரலில் குளிர்ச்சியாய்ப் பட்டது. பாதம். கணுக்கால். ஆயிரம் சின்ன வாய்கள். வலிக்கவில்லை. வலித்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"என்ன மதினி, இப்படி வேக்குது ஒங்களுக்கு?"

"புழுக்கம்," என்றாள்.

பாதத்தை அசைத்துப் பார்த்தாள். அசைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முழங்கால் வரைக்கும் இல்லை. சேலைக்குள்ளே அது மேலே ஏறிக்கொண்டிருந்தது, பொறுமையாய், வீடு கட்டிக்கொண்டு. பிளாரன்ஸ் சிரித்த முகம் மாறாமல் மக்ரூன் தட்டை எடுத்து ஈவாஞ்சலின் பக்கம் நீட்டினாள்.

"எடுத்துக்கிடுங்க மதினி."