விலைக்கண் சிவக்கும் முகூர்த்தம்

சுவரில், மின்சார விலையைக் காட்டும் விலைக்கண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பெண்ணின் அம்மா பூங்கொடி அதிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நிச்சயத் தட்டோடு கூடத்துக்குள் வந்தாயிற்று. மாப்பிள்ளையின் அம்மா கலாமணி மட்டும் உட்காரவில்லை. சுவரைப் பார்த்தார், பூங்கொடியைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, பச்சையில்லீங்க எரியுது?"

விலைக்கண்ணை மாட்டியவர்கள் நினைத்தது வேறு. ஒரே நேரத்தில் ஊர் மொத்தமும் மின்சாரத்தை உறிஞ்சினால் விலை ஏறும், கண் சிவக்கும். ஆள் குறைந்தால் விலை இறங்கும், பச்சையாகும். சனங்கள் பச்சைக்கு மாறுவார்கள், மின்வெட்டு ஒழியும் என்று கணக்குப் போட்டார்கள். மாறினார்கள்தான், கொஞ்ச காலம். பிறகு கோயம்புத்தூர்க்காரர்கள் யோசிக்க ஆரம்பித்தார்கள். முகூர்த்த வேளையில் சிவக்கிறது, ராகுகாலத்தில் பச்சையாகிறது. அப்புறம் பஞ்சாங்கம் எதற்கு? ஊரே விரும்புகிற நேரம் சிவப்பு, ஒருத்தரும் சீண்டாத நேரம் பச்சை.

பூங்கொடியும் லேசுப்பட்டவள் இல்லை. எதிர்வீட்டு சுலோச்சனா புதுவீட்டுக்குப் பச்சையில் பால் காய்ச்சியதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தவளே அவள்தான். காலையில் நன்றாகச் சிவந்திருந்த கண், மாப்பிள்ளை வீட்டு வண்டி தாமதமானதில் பச்சைக்கு இறங்கிவிட்டது. அதைச் சம்பந்தியிடம் சொல்ல முடியுமா?

"மலிவு நேரத்துல எம்பையனுக்கு நிச்சயமுங்களா? இன்னொரு நாள் பாத்துக்கலாமுங்க."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று பூங்கொடிக்குத் தெரியும். ஏற்கெனவே இரண்டு இடம் அப்படித்தான் கைவிட்டுப் போனது. மகள் அறைக்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"ஒரு வாய் காப்பி குடிங்க சம்பந்தி, அதுக்குள்ள செவந்துரும்," என்று சொல்லிவிட்டுப் பூங்கொடி வெளியே ஓடினாள்.

சுலோச்சனா கதவில் காதை வைத்திருந்தாள் போலிருக்கிறது, தட்டுவதற்கு முன்பே திறந்தாள்.

"அக்கா, கிரைண்டர், கீசர், ஏசி, எல்லாத்தையும் போட்டுவுடுங்கக்கா. கண்ணு செவக்கோணும்."

"பச்சையில பால் காச்சுனவகிட்டயா வந்து நிக்கற?"

கேட்டாளே தவிர, போட்டாள். மாடிக்கு மாடி அவளே ஏறிப்போய்ச் சொல்லவும் செய்தாள். செய்தி முதலில் தன்னிடம் வந்ததில் அவளுக்கு அத்தனை குஷி. அடுக்ககம் முழுக்க மாவில்லாத கிரைண்டர்கள் சுற்றின.

பூங்கொடி கூடத்துக்குத் திரும்பியபோது கண் மஞ்சளானது. கலாமணி உட்கார்ந்தார். சிவந்தது. தட்டைக் கையில் எடுத்தார்.

ஆனால் விலை பேட்டை முழுவதற்கும் ஒன்றுதான். திடீரென்று சிவப்பதைப் பக்கத்துத் தெருக்கள் தங்கள் சுவர்களில் பார்த்தன. நல்ல நேரம் நமக்குத் தெரியாமல் போகப் பார்த்ததே என்று பதறி, பிரிக்காத வாஷிங் மிஷினைப் பிரித்து ஓட்டினார்கள், புது வண்டிக்குச் சார்ஜ் போட்டார்கள். கண் ரத்தமாகச் சிவந்தது. பிறகு அணைந்தது. மின்விசிறி நின்றது. ஒரு தலைமுறை கேள்விப்பட்டு மட்டுமே இருந்த மின்வெட்டு.

தட்டு அந்தரத்தில் நின்றது. பூங்கொடிக்கு மகளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கலாமணி அணைந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊரே ஆசைப்பட்டுத் தாங்காமப் போன நேரமுங்க சம்பந்தி," என்றார். "இப்பிடி யாருக்குங்க அமையும்? புடிங்க தட்டை."

இப்போதெல்லாம் அந்தப் பேட்டையில் மின்வெட்டு வராத நிச்சயத்தை யாரும் நிச்சயமாகவே மதிப்பதில்லை. தேதி குறித்ததும் பெண்வீட்டார் முதல் தாம்பூலம் வைத்து அழைப்பது, வீட்டில் இரண்டு கீசர் வைத்திருப்பவர்களைத்தான்.