பாதியில் நிறுத்த வேண்டாம்

திறந்து வைத்துவிட்டுப் போன ஜன்னல் மூடியிருந்தது.

டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை வருவதற்கு முன் வானம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நேரம். காற்றடித்துச் சாத்தியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காபியைக் கீழே வைத்துவிட்டுக் கொக்கியை விடுவித்தாள். இந்த வீட்டு ஜன்னல்களுக்குத் திறந்து பழக்கமே ஏழு மாதமாகத்தான். மேசை மேல் லேப்டாப் முக்கி முனகிக்கொண்டிருந்தது. நீலத் திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. அதன் கீழே எழுத்து: பழைய நிலைக்குத் திரும்புகிறது. பன்னிரண்டு சதவீதம். பாதியில் நிறுத்த வேண்டாம்.

சொந்தபந்தம் எல்லாருக்கும் அவள் கணக்கு டீச்சர். எட்டு வருடமாக எந்தப் பள்ளிக்கூடத்து வாசலையும் மிதிக்காதவளுக்குப் பட்டப்பெயர் மட்டும் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு அது மறுபடி உண்மையாகப் போகிறது. ஆன்லைன் வகுப்பு, ஒன்பது பிள்ளைகள். ஒன்பதும் அவளாகத் தேடிப் பிடித்தவை. இந்தக் கிழட்டு லேப்டாப்போ திறக்கவே இருபது நிமிடம் எடுத்தது. ஒரு எழுத்தை அழுத்தினால், நாம் அழுத்தியதை மறந்த பிறகுதான் அது திரையில் வந்து விழும்.

நேற்றுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது மெக்கானிக் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"மேடம், கம்பெனி போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேர சார் தூக்கிட்டு, ஒரு நாள் லேப்டாப் எப்படி இருந்துச்சோ அத அப்படியே காப்பி எடுத்து உள்ள வெச்சிருக்காரு. ரீசெட் பண்ணா அந்த நிலைமைக்குத்தான் போகும். எட்டு வருஷத்துக்கு முந்தின தேதி. பரவாயில்லையா?"

"வேகமா ஓடுமா?"

"புதுசு மாதிரி ஓடும். மூணு மணி நேரம் ஆகும், வீட்லயே வெச்சுப் பண்ணிக்குங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

"எந்தத் தேதியா இருந்தா எனக்கென்ன. ஓடினா சரி."

சார் என்று அவன் சொன்னது அவள் புருஷனை. பெரிய ஆபீஸ் ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவின் அதிகாரி. வீட்டிலும் அதிகாரிதான். ஏழு மாதத்துக்கு முன் ஆபீஸ் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கியவள் டீச்சர்தான். அன்று அழுகை வரவில்லை. வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளத்தான் அரும்பாடு பட்டாள்.

இருபத்தாறு சதவீதத்தில் முகம் கழுவப் போனாள். குளியலறையில் ஷேவிங் சோப்பின் வாசனை அடித்தது. அந்த டப்பாவை அவள் என்றைக்கோ குப்பையில் போட்டாயிற்று. குழாய் சொட்டும் சத்தம், தெருவில் போகும் வண்டியின் இரைச்சல், இரண்டையும் ஒன்றாகக் கேட்டபடி துண்டுக்குக் கை நீட்டியவள், கம்பியில் அது மூன்றாக மடித்து, ஓரத்தோடு ஓரம் பொருந்தி, அளவெடுத்தாற்போல் தொங்குவதைப் பார்த்தாள். ஏழு மாதமாக அவள் துண்டைக் கதவு மேல்தான் விசிறிப் போடுகிறாள். அதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம். "பழக்கம் போக மாட்டேங்குது பாரு," என்று தன்னையே திட்டிச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கூடத்துக்கு வந்தாள். நாற்காலி, சோபா, டீப்பாய் ஒவ்வொன்றின் காலும் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் கறுப்பு டேப் ஒட்டி அடையாளம் வைத்த மகராசன் அவன். பெருக்கும்போது அரை விரற்கடை நகர்ந்திருந்தால் அன்று சாப்பாட்டுத் தட்டு சுவரில் பறக்கும். அவன் போன மறுவாரம் அத்தனை டேப்பையும் கத்தியால் சுரண்டி எடுத்தாள். இரண்டு நகம் உடைந்தது. சோபாவை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, முதல் முறையாக அதில் காலை நீட்டிப் படுத்தாள்.

இப்போது சோபா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நான்கு கால்களுக்கும் கீழே கறுப்பு டேப். பளபளவென்று, இப்போதுதான் ஒட்டியது போல. இழுத்த சத்தமே கேட்கவில்லை.

ஜன்னல் மறுபடி மூடியிருந்தது.

தங்கைக்குப் போன் போட்டாள். நேற்று ராத்திரிகூட அரைமணி நேரம் பேசி, "ஒன்பது பேருக்கும் முட்டை போட்டு அனுப்பிடாத தாயே," என்று கெக்கலி கொட்டியவள்தான். இன்று எடுத்ததும் குரல் தணிந்திருந்தது.

"என்னக்கா இந்த நேரத்துல? மாமா பக்கத்துல இல்லையா?"

"எந்த மாமாடி?"

"விளையாடாதக்கா. ஞாயித்துக்கிழமை போன் பண்ணக் கூடாதுன்னு நீதானே சொன்ன. பேசினது தெரிஞ்சா உன்னத்தானே வாட்டி எடுப்பாரு. வெச்சிடறேன்."

"ஏய், அவர் போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆச்சுடி!"

 தங்கை, குழந்தையைத் தூங்க வைக்கும் குரலில், "அக்கா, மனசுல இருக்கறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாதக்கா. அவர் காதுல விழுந்து வைக்கப் போகுது," என்றாள். இணைப்பு அறுந்தது.

டீச்சர் மேசைக்கு ஓடினாள். லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகிறது. ஒயரைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். எத்தனை தடவை அப்படி அணைந்து அவள் உயிரை வாங்கியிருக்கிறது. பிடுங்கினாள்.

அணையவில்லை.

அறுபத்து மூன்று சதவீதம். ஒயர் அவள் கையில் தொங்க, விசிறி உள்ளே சீராகச் சுழல, புள்ளிகள் நிதானமாகச் சுற்றின. பட்டனை அழுத்திப் பிடித்தாள். விரல் வலித்தது. திரையின் அடியில், இத்தனை நேரம் அவள் படிக்காமல் விட்ட சின்ன எழுத்தில் ஒரு தேதி. எந்தத் தேதியாக இருந்தால் எனக்கென்ன என்று வாய்க்கொழுப்பில் சொன்ன தேதி. குனிந்து படித்தாள்.

வேலையை விட்ட நாள். அவன் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, ராஜினாமா கடிதத்தை எழுதினாள். கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், புது லேப்டாப்பை மடியில் வைத்து, "வீட்லயே உக்காந்து பொழுதுபோக்கிக்க," என்றான். அவளும் வெட்கங்கெட்டுப்போய் நன்றி சொன்னாள். எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று அவன் நினைத்தானோ, அப்படி இருந்த நாள் அது. அதைத்தான் பத்திரமாகக் காப்பி எடுத்து வைத்திருக்கிறான்.

தெருக்கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெளியே பூட்டியிருந்தது. அவன் ஆபீஸ் போகும்போது பூட்டுவது போல. தட்டினாள். கத்தினாள். எதிர்வீட்டு அம்மாள் மாடியில் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி வழியாக இவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அந்தக் காலத்தில் செய்தது போலவே, தலையைத் திருப்பிக்கொண்டாள்.

எண்பத்து நான்கு.

கதவைத் தட்டிய கை எரிந்தது. கையைத் திருப்பிப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், இஸ்திரிப் பெட்டியின் முனை பதிந்த தழும்பு. நாலு வருடத்துத் தழும்பு. சட்டைக் காலரில் ஒரு சுருக்கம் இருந்ததற்காக. வெந்த தோல் சுருங்கி, இலை வடிவில், ஊதா நிறத்தில் கிடக்கும். அது மங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க ஓரம் கரைந்தது. நடுவில் தோல் விரிந்தது. முழுசாகப் போய்விட்டது. வழவழவென்று, பழைய கை.

ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகுதான் புரிந்தது. ஆறிப் போகவில்லை. இனிமேல்தான் வரப்போகிறது.

தொண்ணூற்று ஒன்று. சுவரில் அவள் ஒட்டி வைத்திருந்த, பிள்ளைகளின் பெயர் எழுதிய தாள் இல்லை. தொண்ணூற்று ஐந்து. ஒன்பது பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். நாலு வந்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் எதற்காகச் சொல்கிறோம் என்பதே பிடிபடவில்லை.

நூறு.

விசிறி நின்றது. வீடு அமைதியாக இருந்தது. மழை பெய்யத் தொடங்கிய சத்தம் மூடிய ஜன்னலுக்கு வெளியே எங்கோ கேட்டது. பூட்டில் சாவி நுழைந்தது. இரண்டு சுற்று.

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டீங்களா? தண்ணி கொண்டு வரேங்க."

அவள் குரல்தான். கால்கள் தாமாகச் சமையலறைக்குப் போயின. கை தாமாகத் தண்ணீர் மொண்டது. உள்ளே, எங்கோ ஆழத்தில், அவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். வெளியே தம்ளர் தளும்பவில்லை.

தலையில் ஒரு நரைகூட இல்லாமல், சட்டையில் மழைத்துளியோடு அவன் நின்றான். கையில் புது லேப்டாப்பின் அட்டைப்பெட்டி.

"லெட்டர் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேங்க."

"நல்ல பொண்ணு."

தம்ளரை வாங்கியவன் அவள் கையை விடவில்லை. மெல்லத் திருப்பினான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கம், ஒன்றுமே இல்லாத அந்த வழவழப்பில் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினான்.

"எவ்வளவு அழகான கை," என்றான். கட்டைவிரல் சரியாக அந்த இடத்தில் வந்து நின்றது.