பன்னிரண்டு அடி ஆழத்தில் ஒரு அதிகாரி!

"ஐயய்யோ... கொலை! கொலை!"

அலறல் கார் நிறுத்துமிடத்தின் கூரையில் மோதித் திரும்பியது.

காலை பத்தரை மணி.

பம்ப் ரூமில் டீயை வாயருகே கொண்டுபோன வால்வு, டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினார். அலறியது அவருடைய மனைவி! அந்த இருபது மாடிக் கட்டிடத்தில் துப்புரவு வேலை அவளுக்கு. தண்ணீர் வேலை அவருக்கு. காலை ஆறு மணிக்கு வால்வைத் திறப்பார், எட்டு மணிக்கு மூடுவார். நூற்றிருபது வீடுகளும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளித்து, துவைத்து, சண்டையும் போட்டு முடித்தாக வேண்டும். அதனால் வந்த பெயர் அது.

"என்னடி ஆச்சு?"

"அங்க பாருங்க!"

பார்த்தார்.

மழைநீர்க் குழியின் கனத்த இரும்பு மூடி. அதன் மேல் ஒற்றை ஷூ... உடைந்த மூக்குக்கண்ணாடி... ஓர் அடையாள அட்டை. சுற்றிலும் சிவப்பாகச் சிதறல். மூடியின் நான்கு நட்டும் கழற்றப்பட்டு, பக்கத்தில் ஒரு ஸ்பேனர் கிடந்தது.

வால்வு குனிந்து அட்டையைப் பார்த்தார்.

அட்டையில் இருந்தது பசுமை அதிகாரியின் முகம். கட்டிடம் மழைநீரைச் சேமிக்கிறதா, மரம் வளர்க்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் தருபவர். நேற்றுதான் வந்து போனார்.

ஸ்பேனர்... வால்வுடையது!

* * *

இருபது நிமிடத்தில் ஜீப் வந்தது. முதலில் இன்ஸ்பெக்டர் அம்மாள் இறங்கினார். பின்னால் தொப்பையும் நோட்டுமாக ஏட்டு.

"நேத்து மத்தியானத்திலேருந்து ஆளைக் காணோம்னு அவர் வீட்டுல புகார் கொடுத்திருக்காங்க." இன்ஸ்பெக்டரின் பார்வை ஸ்பேனரில் விழுந்தது. "இது யாரோடது?"

"என்... என்னோடது மேடம்."

"நேத்து அவரோட சண்டை போட்டீங்களாமே?"

"சண்டைன்னு இல்ல மேடம்... பேச்சு கொஞ்சம் உரக்கப் போச்சு."

ஏட்டு நோட்டைப் புரட்டினார். "வாட்ச்மேன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கேன் மேடம். 'உங்களை இந்தக் குழிக்குள்ள தள்ளி மூடினாத்தான் புத்தி வரும்!' இதுதான் அந்தப் பேச்சு."

வால்வு தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிச் சொன்னது உண்மைதான். அவரும் என்னதான் செய்வார்? மழை பெய்தால் கார் நிறுத்துமிடம் குளமாகிறது. வெயில் வந்தால் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. 'ஒரே ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க சார்' என்று கெஞ்சினார். அதிகாரியோ காரை விட்டு இறங்காமலே, தொடை மேல் காகிதத்தை வைத்து, 'குழி ஆழம் பன்னிரண்டு அடி, செயல்பாடு மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்குத்தான் கோபம் வராது?

"கோபத்துல சொன்னது மேடம். அதுக்காகக் கொலை பண்ணுவேனா?"

"இவரா? கொலையா?" மனைவி துடைப்பத்தோடு குறுக்கே வந்தாள். "கரப்பான்பூச்சியைப் பார்த்தா நாற்காலி மேல ஏறுற ஆளு மேடம் இவரு! நான்தான் அடிச்சு வெளியே போடணும்!"

"ஏய்... அதையெல்லாம் ஏண்டி இங்க சொல்ற?"

"மானமா முக்கியம்? ஜெயிலுக்குப் போகப் போறீங்க!"

"மேடம், இந்த மூடியைத் தூக்க நாலு பேர் வேணும்" என்றார் வால்வு. "நான் ஒருத்தனா எப்படித் தூக்கியிருப்பேன்?"

இன்ஸ்பெக்டர் யோசித்தார். வால்வுக்கு மூச்சு வந்தது.

"அப்போ மத்த மூணு பேர் யாரு?"

வந்த மூச்சு அப்படியே நின்றது.

"ஏட்டையா, ஆளைக் கூப்பிடுங்க. மூடியைத் திறந்து பார்ப்போம். உள்ளே உடம்பு இருந்தா..." இன்ஸ்பெக்டர் வால்வின் மணிக்கட்டைப் பார்த்தார். "விலங்கு சைஸ் சரியா இருக்கும்."

மனைவியின் கையிலிருந்து துடைப்பம் நழுவியது. எத்தனை கேலி பேசினாலும் பதினெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவள். கண் கலங்கிவிட்டது.

"திறக்காதீங்க!"

ஒரு வெள்ளைக் கார் கிறீச்சென்று நின்றது. இறங்கி ஓடி வந்தார் பில்டர். கட்டிடத்தைக் கட்டியவர். நெற்றியிலிருந்து வியர்வை ஒழுகியது.

"ஏன் திறக்கக் கூடாது?"

"விஷவாயு இருக்கும் மேடம்!"

"தீயணைப்பு வண்டியை வரச் சொல்றேன்."

"மூடி உடைஞ்சிடும்!"

"புதுசு போட்டுக்கலாம்."

"சுற்றுச்சூழல் கெட்டுடும்!"

"நீங்க கட்டினதுக்கப்புறமும் கெட ஏதாவது மிச்சம் இருக்கா சார்?" என்றார் ஏட்டு.

நாலு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மூடியின் இடுக்கில் கடப்பாரை இறங்கியது. பில்டர் வானத்தைப் பார்த்தார், பூமியைப் பார்த்தார்... பட்டென்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நான்தான் கொன்னேன்!"

கடப்பாரை பிடித்த கைகள் அப்படியே நின்றன!

"என்ன சொல்றீங்க?"

"அதிகாரியை நான்தான் கொன்னேன். இந்தக் குழியில ஒண்ணும் இல்ல. மூடியை விட்டுடுங்க. வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்!"

வால்வு தன் காதையே நம்பவில்லை. மனைவி மட்டும் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் நிதானமாகக் கேட்டார். "உடம்பு எங்கே?"

"பின்னாடி ஏரியில போட்டுட்டேன்."

"எந்த ஏரி சார்?" வால்வால் வாயை அடக்க முடியவில்லை. "அதைத் தூர்த்துத்தானே ரெண்டாவது கட்டிடம் கட்டினீங்க?"

"ஏரின்னா... ஏரி இல்ல. ஏரிக்குப் போற ஓடை!"

"அது மேலதான் சார் நாம இப்ப நிக்கறோம். கார் நிறுத்துமிடம்."

"அப்போ... அந்தத் தோப்பு! தோப்புல புதைச்சேன்!"

"நீச்சல்குளம் கட்ட வெட்டினீங்களே, அந்தத் தோப்பா?"

பில்டர் திருதிருவென்று விழித்தார். பத்து வருஷத்தில் ஊரையே வளைத்து வளைத்துக் கட்டியவர்! இன்று ஒரே ஒரு பிணத்தைப் போட அவருக்கு ஊரில் இடமில்லை.

"திறங்கய்யா மூடியை!" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"ஏலேலோ... ஐசா!"

மூடி புரண்டது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

பிணம் இல்லை.

தண்ணீர் இல்லை.

குழியே இல்லை!

மூடிக்குக் கீழே ஒரு சாண் ஆழம். அதற்குக் கீழே வழவழவென்று சிமெண்ட் தரை. அதில் ஒரு தவளைகூட உட்கார முடியாது.

வால்வு தலையில் கை வைத்துக்கொண்டார். அடைப்பு இருக்கும், மண் சேர்ந்திருக்கும் என்றெல்லாம் ஆறு வருஷமாக நினைத்தாரே! நூற்றிருபது வீட்டுக்காரர்களிடமும் மாறி மாறித் திட்டு வாங்கினாரே! ஆத்திரம் பொங்கியது.

"அடப்பாவி! மூடியை மட்டும் வாங்கிப் பதிச்சிருக்கியே!"

இன்ஸ்பெக்டர் அந்தச் சிவப்புக் கறையை விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "பெயிண்ட்."

"பைப்புக்கு அடிக்கறது மேடம். பம்ப் ரூம் வாசல்ல டப்பா இருக்கு. ஸ்பேனரும் அங்கேதான் வச்சிருப்பேன், யாரும் எடுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் பில்டரிடம் திரும்பினார். "செய்யாத கொலையை ஏன்யா ஒத்துக்கிட்ட?"

பில்டர் மூடியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "கொலைன்னா ஒரு கேஸு மேடம். உடம்பு கிடைக்கலைன்னா வக்கீல் வெளியே எடுத்துடுவாரு. குழின்னா நாப்பத்தாறு கேஸு! நான் கட்டின நாப்பத்தாறு கட்டிடத்திலேயும் இதே மூடிதான். திங்கட்கிழமை மேலிடத்துலேருந்து திறந்து பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள எல்லாத்தையும் தோண்டிடலாம்னு ஆளு பிடிச்சு வச்சிருந்தேன்..."

"அது இருக்கட்டும். அதிகாரி எங்கே?"

"சத்தியமாத் தெரியாது மேடம்!"

இன்ஸ்பெக்டர் மெல்ல வால்வின் பக்கம் திரும்பினார். "அப்போ கேஸ் பழையபடி உங்ககிட்டதான் வருது. கடைசியா அவரை மிரட்டினது நீங்க. ஆளைக் காணோம். ஜீப்புல ஏறுங்க."

"மேடம்!" மனைவி குறுக்கே விழுந்தாள்.

வால்வு ஜீப்பில் ஒரு காலை வைத்தார்.

டர்ர்ர்ர்...

காலை எடுத்தார்.

"மேடம், ஒரு நிமிஷம். மோட்டார் ஓடுது!"

"ஓடட்டுமே!"

"ஓடக் கூடாது மேடம்! எட்டு மணிக்கே ஒண்ணைத் தவிர எல்லா வால்வையும் மூடிட்டேன். மேல் தொட்டியில தண்ணி குறைஞ்சாத்தான் இது தானா ஓடும். இந்த நேரத்துல தண்ணி போற வீடு ஒண்ணே ஒண்ணுதான். பதினாலாவது மாடியில இருக்கற மாடல் ஃபிளாட். வீடு வாங்க வர்றவங்களுக்குக் காட்டறதுக்காக இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைக்கச் சொல்லியிருக்காரு." பில்டரைக் காட்டினார். "அங்க யாரும் குடியில்ல. ஆனா யாரோ இப்பக் குளிக்கிறாங்க!"

"சாவி யார்கிட்ட?"

பில்டர் தன் பாக்கெட்டைத் தடவிப் பார்த்தார். "நேத்து சுத்திப் பார்க்கறதுக்கு அதிகாரிகிட்டக் கொடுத்தேன்... திருப்பி வாங்கலை."

இன்ஸ்பெக்டரின் உதட்டில் முதல் முறையாக ஒரு சிரிப்பு. "அந்த வால்வை மூடுங்க."

வால்வு பம்ப் ரூமுக்குள் ஓடினார், பின்னாலேயே மற்றவர்களும். இடதுபக்கம் நாலாவது சக்கரம். இறுக்கித் திருகினார்.

ஒரு நிமிடம்.

இரண்டு நிமிடம்.

ட்ரிங்... ட்ரிங்...!

சுவரிலிருந்த இன்டர்காம்! வால்வு எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"யோவ்! பதினாலாவது மாடியில தண்ணி நின்னுபோச்சு! சோப்பு கண்ணுல எரியுது! என்னய்யா வேலை பார்க்கற? நான் யாருன்னு தெரியுமா?"

இருபது வருஷம் அதிகாரம் பண்ணிய வாய். செத்துப் போனது மறந்துவிட்டது!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை வாங்கினார். "நல்லாத் தெரியும் சார். இறந்தவர்தானே பேசறீங்க?"

மறுமுனையில் ரிசீவர் 'டக்'கென்று விழுந்தது.

* * *

பத்து நிமிடத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலை நிறைய நுரை, ஒரு பக்கம் ஏட்டு. பசுமை அதிகாரி ஒரு கண்ணைத் திறந்தபடி நடந்து வந்தார்.

"எதுக்கு சார் இந்த நாடகம்?"

"திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டதுக்குத் திங்கட்கிழமை மாட்டிக்குவேன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்குச் சாயங்காலம் விமானம். குழி பன்னிரண்டு அடி, நிறையத் தண்ணியும் சேறும் இருக்கும், இறைச்சு முடிக்கவே ரெண்டு நாளாகும், அதுக்குள்ள பறந்துடலாம்னு..." பேச்சை நிறுத்தினார். திறந்து கிடந்த மூடியைப் பார்த்தார். சிமெண்ட் தரையைப் பார்த்தார். "என்னய்யா இது? குழி எங்கே?"

"அதை நீங்கதானே சார் சொல்லணும்!" ஏட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஊரில் அத்தனை பேரும் சந்தேகப்பட்ட அந்தக் கையெழுத்தை நம்பிய ஒரே ஆள், அதைப் போட்டவர்தான்.

ஒரே விலங்கில் இரண்டு கைகள். ஒன்று பில்டருடையது, இன்னொன்று அதிகாரியுடையது. மனைவி வால்வின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வால்வும் தடுக்கவில்லை.

"யப்பா... கண்ணு எரியுதுப்பா!" அதிகாரி கெஞ்சினார். "அந்த வால்வைக் கொஞ்சம் திறந்துவிடேன். தலையை மட்டும் அலசிக்கறேன்."

வால்வு ஒரு மக்கை எடுத்து வந்து பணிவாக அவர் கையில் கொடுத்தார்.

"எதுக்கு சார் வால்வு? இதோ பன்னிரண்டு அடி ஆழத்துல தண்ணி இருக்குன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க... மொண்டு ஊத்திக்குங்க!"