முக்கால் சாயல்

"மேடம், இந்த மாசத்துலயே அசல் கேடி இதுதான்," என்றான் ஜெரால்டு.

திரையில் ஒரு சாம்பல் நிற உருவம் ஒரு கதவின் முன் நின்றிருந்தது. முகம் இல்லை. வைஃபை அலைகளுக்கு முகம் தெரியாது. தோளின் சரிவு, இடுப்பின் அசைவு, அடி வைக்கும் தாளம், நெஞ்சு ஏறி இறங்கும் வேகம், இவ்வளவுதான் தெரியும்.

"எத்தனை?" என்று கேட்டாள் நறுமுகை.

"எழுபத்திரண்டு விழுக்காடு. மூணு தரம் வந்திருக்கு. மூணு தரமும் நம்ம விதி மடக்கிடுச்சு."

அலுவலக மாதக் கூட்டத்தில் இருந்தவர்கள் மேசையைத் தட்டினார்கள். நறுமுகையும் லேசாகச் சிரித்தாள். அது அவளுடைய விதி.

கடவுச்சொற்கள் ஒழிந்து பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எத்தனை நீளமாக வைத்தாலும் திருடினார்கள்; உங்கள் வீட்டு வைஃபையின் பெயரிலேயே தெருவில் இன்னொன்றை ஒளிபரப்பி உங்களையே ஏமாற்றினார்கள். கடைசியில் வைஃபை அலைகளே காவலுக்கு வந்தன. ஒவ்வொரு உடலும் தன்னைக் கடக்கும் அலையைத் தனக்கே உரிய விதத்தில் கலைக்கிறது. அந்தக் கலைப்புக்கு அலைச்சாயல் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுச் சுவரில் பதித்த அலைமாடம் வருபவரின் சாயலைப் படிக்கும். பட்டியலில் உள்ளவருடன் தொண்ணூறு விழுக்காடு பொருந்தினால் இணையமும் திறக்கும், கதவும் திறக்கும். பாதிக்கும் கீழே என்றால் அவர் வெறும் அறியாதவர். மணி அடிக்கும், வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்.

சிக்கல் நடுவில் இருந்தவர்களால் வந்தது. உடம்பில் அதிர்வுப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு மகனைப் போலவும் மருமகளைப் போலவும் நடந்து வந்தார்கள் திருடர்கள். அவர்களுக்காகத்தான் நறுமுகை முக்கால் விதியை எழுதினாள். முக்காலே பொருந்துகிறவர் அந்நியரைவிட ஆபத்தானவர். அவர் போலி. போலி வந்தால் மணி அடிக்கக் கூடாது. உள்ளே இருப்பவருக்குத் தெரிவிக்கவும் கூடாது, இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார். நாற்பது நிமிடம் வீடு மூடிக்கொள்ளும். அதுவரை எந்த அழைப்பும் உள்ளே போகாது. வெளியூரிலிருந்து உறவினரும் திறக்க முடியாது. அவரை யாராவது மிரட்டியிருக்கலாம் அல்லவா? ஜெனீவாவில் நான்கு நாள் வாதாடி இதை உலகத் தரமாக்கிவிட்டு வந்தாள்.

"நடிப்பும் சுமார்தான் மேடம்," ஜெரால்டு படத்தை ஓட்டினான். "இடது காலை இழுத்து இழுத்து நடக்குது. பட்டை சரியா வேலை செய்யலை போல. இதைப் பாருங்க, குனியுது. தரையில எதையோ நகர்த்துது. ஒண்ணு, ரெண்டு... ஆறு. ஏதாவது கருவி ஒட்டப் பார்த்திருக்கும்."

உருவம் மெதுவாகக் குனிந்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையால் எதையோ எடுத்து எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. பதினொரு நிமிடம் நின்றது.

நறுமுகையின் சிரிப்பு நின்றுபோனது.

"என்னென்ன தேதி?"

"மூணும் ஞாயிறு. ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு. எந்த வீடுன்னு நமக்குக் காட்டாது மேடம், அந்தரங்க விதி. அதுவும் நீங்க எழுதினதுதான்."

அவள் வீட்டு வாசலில் எப்போதும் மூன்று ஜோடி செருப்புகள் கிடக்கும். நடைக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று, எதற்கும் இல்லாமல் ஒன்று. வந்த வேகத்தில் உதறிவிட்டு உள்ளே போவாள். இந்த மாதம் மூன்று முறை அவை வரிசையாக, சுவரை ஒட்டி, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைக்கப்பட்டிருந்தன. வேலைக்கு வரும் ஸ்டெல்லாதான் வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லா வருவதில்லை.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை அடுக்கிவிட்டு உள்ளே நுழையும் ஒருத்தி அவளுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் முந்நூறு ஜோடிகளுக்கு நடுவே அவள் குனிந்ததைப் பார்த்து, "அக்கா, மானத்தை வாங்காதே, வா," என்று நறுமுகை கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

நான்கு ஆண்டுகளாக அக்கா வெண்பாவோடு பேச்சில்லை. அப்பா இறந்தபோது நறுமுகை ஜெனீவாவில் இருந்தாள். விமானம் பிடித்துத் திருச்சி வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்திருந்தது. "உடம்பு தாங்கலைடி நறு," என்றாள் அக்கா. பதினாறாம் நாள் அக்கா வீட்டில், சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நறுமுகை "எனக்காக எட்டு மணி நேரம் பொறுக்க முடியலை உனக்கு," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, கழுத்தைத் திருப்பாமல் வெளியே நடந்தாள்.

ஆனால் தன் வீட்டுப் பட்டியலிலிருந்து அக்காவின் சாயலை அவள் நீக்கவில்லை. ஓராண்டு வராதவரை நீக்கலாமா என்று அலைமாடம் ஒவ்வொரு தையிலும் கேட்கும். ஒவ்வொரு தையிலும் வேண்டாம் என்பாள். அதைத் தன் மன்னிப்பு என்றே நினைத்திருந்தாள். என் கதவு அவளுக்குத் திறந்துதான் இருக்கிறது, வரவேண்டியது அவள்தான். இப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பை அது மிச்சப்படுத்தியது.

பெயரை நீக்கியிருந்தால் அக்கா வெறும் அறியாதவளாக வந்திருப்பாள். மணி அடித்திருக்கும்.

கூட்டத்திலிருந்து எழுந்து படிக்கட்டுக்குப் போய் அக்காவை அழைத்தாள். அழைப்பு ஹைதராபாத்தில் இருக்கும் அக்கா மகன் பாரிக்குத் திரும்பியது.

"சித்தி?" அவன் குரலில் ஆச்சரியத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "இப்பதான் தோணுச்சா?"

"அக்காவுக்கு என்னடா?"

"பக்கவாதம். தையில. பேச்சு போயிடுச்சு. இடது கால் பாதிதான். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு எழுதிக் காட்டினா. நானே போய்ச் சொல்லிக்கிறேன்னா. எப்படிச் சொல்லுவான்னு நானும் கேக்கலை. மூணு ஞாயிறு வந்து உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் வண்டியிலயே இருந்தேன், நீ வராதேன்னுட்டா. உங்க வண்டி கீழதான் நின்னுச்சு, சித்தி. வீட்டுல இருந்துக்கிட்டே கதவைத் திறக்கலைல்ல?"

"எனக்குத் தெரியாதுடா."

"வாசல்ல நிக்கிறது தெரியாதா? அலைமாடம் பண்ணினதே நீங்கதானே?"

நறுமுகை படியில் இறங்கத் தொடங்கினாள்.

"நான் இப்பவே போறேன்."

"போங்க. நாலு மணிக்கு மேல நர்ஸ் இருக்க மாட்டாங்க, தனியாத்தான் இருப்பா. பட்டியல்ல இருந்து உங்க பேரை அம்மா இன்னும் எடுக்கலை. கதவு தானாத் திறக்கும்." பிறகு, "செருப்பைக் கண்ட இடத்துல விடாதீங்க. அம்மா குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்," என்றான்.

உறையூரில் அக்காவின் வீடு ஐந்தாவது மாடி. மின்தூக்கிக்குக் காத்திருக்க முடியாமல் படியேறினாள். மேலே வந்து சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, கால் தளர்ந்திருந்தது. கதவின் முன் நின்றாள்.

கதவு திறக்கவில்லை. மணியைத் தொட்டாள். ஒலி இல்லை. நிலைக்கு மேல் கடுகளவு செம்புள்ளி ஒன்று ஒளிர்ந்து அடங்கியது. வேறு யாருக்கும் அது ஒன்றும் சொல்லாது. அவள்தான் அதை அங்கே வைத்தவள்.

கதவைத் தட்டினாள். அலை வெளியே கசியாமலிருக்கச் செய்த கதவு அது, ஓசையையும் விழுங்கிவிட்டது. பாரியை அழைத்தாள்.

"திறக்கச் சொன்னா மாட்டேங்குது சித்தி. அம்மாவுக்கு ஃபோனும் போகலை. என்னமோ நாற்பது நிமிஷம்னு வருது. என்ன இது?"

"ஒண்ணும் இல்லைடா. நான் நிக்கிறேன்."

வழி அவளுக்குத் தெரியும். நாற்பது நிமிடம் கழிந்ததும் அலைமாடம் மறுபடி படிக்கும். அதனிடம் இருப்பது இந்த வாசலை அவள் கடைசியாகக் கடந்த நாளின் சாயல். அன்று போல் நடந்தால் போதும். நிமிர்ந்த கழுத்து, தரையை அறையும் குதிகால், தன்மேல் ஒரு தவறும் இல்லை என்று நம்புகிறவளின் சீரான மூச்சு. அந்த நறுமுகை வந்தால் கதவு தானாகத் திறந்துகொள்ளும்.

நேரம் கழிந்தது. தாழ்வாரத்தின் கோடிவரை போய், கழுத்தை நிமிர்த்தித் திரும்பி நடந்து வந்தாள். பாதி தூரத்திலேயே நெஞ்சு விம்மியது.

செம்புள்ளி மறுபடி ஒளிர்ந்தது. இன்னொரு நாற்பது நிமிடம்.

கதவுக்கு அந்தப் பக்கம், பத்தடியில், அக்கா ஒருவேளை நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். யாரும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கலாம்.

வாசலில் ஒரே ஒரு ஜோடி செருப்பு, கலைந்து கிடந்தது. அதை அடுக்க இப்போது அந்த வீட்டில் யாரும் குனிவதில்லை. நறுமுகை ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்தாள். வலது செருப்பு புதிதாகவே இருந்தது. இடது செருப்பின் முனை தரையில் தேய்ந்து தேய்ந்து பெருவிரல் இடம்வரை கரைந்திருந்தது. இரண்டையும் சேர்த்து, சுவரை ஒட்டி, மூக்கு வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள். பிறகு தன்னுடையதையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு நின்றாள்.

ஊருக்கு வெளியே ஓர் அலுவலகத் திரையில், ஒரு சாம்பல் நிற உருவம் குனிந்து நான்கு பொருட்களை நகர்த்தியதாகப் பதிவானது. பொருத்தம் எழுபத்தொன்று விழுக்காடு.